பாட்டுக்கு அப்புறம் என்ன? சூழலுக்காகப் பாடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். சினிமாவுக்கு வெளியே நின்று, சொந்தமாக வரி எழுதி, நீங்களே மெட்டுப் போட்டு, ஏரி, ஆறு, காடு, குப்பைக் கிடங்கு என்று பாடிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். யாரையும் தனியாக மனதில் வைத்துச் சொல்லவில்லை. தமிழில் இப்படி ஒரு கூட்டம் உருவாகும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உங்கள் பாட்டுகளை விடாமல் கேட்கிறவன் என்ற உரிமையில் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். அந்த வாரத்தில் வரிசையாகப் பாட்டுகள் வெளியாகின்றன. மரம் நடுவோம், மண்ணைக் காப்போம் என்று பல்லவி. டிரோனில் எடுத்த மலை. கடைசியில் வரும் நன்றி அட்டையில் ஏதாவது ஒரு கட்டுமானக் கம்பெனியின் சின்னம். மெட்டு நன்றாகத்தான் இருக்கிறது, குரலும் நன்றாக இருக்கிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாடியவர் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார். எந்த ஏரி, எந்த மலை, யார் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பாட்டில் எங்கேயும் இருக்காது. சரி, பாட்டுக்கு அப்புறம் என்ன?

இந்த 'அப்புறம்' பற்றிப் பேச எனக்குக் கிடைத்த ஆள், அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர். 'கன்ட்ரி ரோட்ஸ்' பாடியவர் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கல்லூரி விடுதியில் கிதார் பழகும் எவரும் நாலு கார்டு பிடிக்கத் தெரிந்ததும் முதலில் வாசிக்கும் பாட்டு அது. ஆனால் பாட்டைத் தாண்டி அவர் இருபது வருஷத்துக்கும் மேல் செய்த வேலைகள் இங்கே அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை. அதில் உருப்படியானதும் உண்டு, தோற்றுப்போனதும் உண்டு, கேட்டால் சிரிப்பு வருவதும் உண்டு.

அவருடைய இயற்பெயர் ஹென்றி ஜான் டாய்ச்செண்டார்ஃப். 1943 டிசம்பர் 31 அன்று நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் பிறந்தார். அப்பா விமானப்படை விமானி, அதனால் ஊர் ஊராக மாற்றல். பாட்டி கொடுத்த பழைய கிதார்தான் நிலையான துணை. டெக்சாஸில் கட்டடக்கலை படிக்கப் போய்ப் பாதியில் விட்டார். மேடைக்கு அந்த நீளமான பெயர் ஒத்துவராது என்று, மனதுக்குப் பிடித்த கொலராடோவின் தலைநகரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவர் எழுதிய ஒரு பாட்டை வேறொரு குழு பாடி, அது 1969 டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. 1971இல் 'கன்ட்ரி ரோட்ஸ்'. அடுத்த நாலைந்து வருஷம் அமெரிக்காவில் திரும்பிய பக்கமெல்லாம் அவர் குரல்தான். இந்த ஏறுமுகக் கதை எல்லாப் பாடகர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

அந்தப் புகழ்பெற்ற பாட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். மேற்கு வர்ஜீனியாவின் மலைகளை ஏங்கி அழைக்கும் பாட்டு அது. எழுதிய மூவரில் டென்வரும் ஒருவர். மற்ற இருவர் பில் டானஃப், டாஃபி நைவர்ட். பாட்டுக்கான பொறி அவர்களுக்குக் கிடைத்தது பக்கத்து மாநிலமான மேரிலாந்தின் ஒரு சாலையில். 2014 மார்ச்சில் மேற்கு வர்ஜீனியா அதைத் தன் அதிகாரபூர்வ மாநிலப் பாடல்களில் ஒன்றாக அறிவித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரி 9 அன்று, நிலக்கரியைக் கழுவப் பயன்படும் ஒரு ரசாயனம் தொட்டியிலிருந்து கசிந்து எல்க் ஆற்றில் கலந்தது. சுமார் 3 லட்சம் பேரிடம், குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், குளிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. போதாததற்கு, மலை உச்சியையே வெடிவைத்துத் தகர்த்து நிலக்கரி எடுக்கும் வேலை அந்த மாநிலத்தில் பல பத்தாண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. மலையைக் கொண்டாடும் பாட்டும் மலையை உடைக்கும் இயந்திரமும் ஒரே ஊரில் சண்டை சச்சரவு இல்லாமல் வாழ்ந்திருக்கின்றன. சுரங்க முதலாளியும் அந்தப் பாட்டைப் பாடலாம், சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவரும் பாடலாம். எல்லோருக்கும் பிடித்த பாட்டால் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை.

இதை அந்தப் பாட்டின் குற்றம் என்று சொல்ல வரவில்லை. அது ஊர் ஏக்கப் பாட்டு, அந்த வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது. ஆனால் உங்கள் சூழல் பாட்டு அதே அளவுக்கு எல்லோருக்கும் இதமாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள் என்கிறேன்.

'கன்ட்ரி ரோட்ஸ்' வந்த அடுத்த வருஷமே, 1972இல், டென்வர் வேறு மாதிரி ஒரு பாட்டு எழுதினார். கொலராடோவின் ஆஸ்பென் ஊருக்கு அருகே ஒரு மலை ஏரிக்கரையில் நண்பர்களோடு விண்கல் மழை பார்த்த இரவு அவருக்குள் தங்கி, 'ராக்கி மவுண்டன் ஹை' ஆனது. அதன் கடைசிப் பகுதியில், இன்னும் கொஞ்சம் பேரை, இன்னும் கொஞ்சம் பணத்தைக் கொண்டுவருவதற்காக மலையைக் குடைகிறார்களே என்று ஒரு முறையீடு வருகிறது. அது வெறும் கவிதை ஏக்கமாக அப்போது யாருக்கும் கேட்டிருக்காது. 1976 குளிர்கால ஒலிம்பிக் டென்வர் நகரத்துக்கு என்று 1970இலேயே முடிவாகியிருந்தது. சாலை, விடுதி, பனிச்சறுக்குத் தளம் என்று மலைகளை என்ன பாடு படுத்துவார்களோ என்ற பயம் கொலராடோ முழுக்க இருந்தது. வரிப்பணமும் போகும் என்ற கோபம் வேறு. ரிச்சர்ட் லாம் என்ற மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் ஒரு குடிமக்கள் குழுவும் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி, விஷயத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். 1972 நவம்பர் 7 அன்று ஏறக்குறைய 60 சதவீதம் பேர் அரசுப் பணம் தரக் கூடாது என்று வாக்களித்தார்கள். கிடைத்த ஒலிம்பிக்கை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த ஊர் அது. போட்டி ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக்குக்குப் போனது.

பாட்டு வெளியானதும் அந்த இலையுதிர் காலத்தில்தான். அதனால் பாட்டுதான் ஒலிம்பிக்கை நிறுத்தியது என்று கதை கட்டலாம், ஆனால் அது பொய்யாகிவிடும். நிறுத்தியது கையெழுத்து வாங்கியவர்கள். ஆனால் அந்த நேரத்தில் அந்த மண்ணில் அந்த வரிகள் யாரைக் குத்துகின்றன என்று கேட்ட எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மேற்கு வர்ஜீனியா பாட்டில் இல்லாத முள் இதில் இருந்தது. 2007இல் கொலராடோவும் இதை மாநிலப் பாடலாக்கியது என்பது தனிக் கதை. முள்ளோடு சேர்த்துத்தான் ஆக்கினார்களா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

இனி அவர் மேடையை விட்டு இறங்கிச் செய்த வேலைகள்.

1975இல் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவின் 'கலிப்சோ' கப்பலைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அது பெரிய வெற்றி. அதன் வருமானத்தைக் கூஸ்தோவின் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். பாட்டு யாரைப் பற்றியதோ அவர்களுக்கே பணமும் போனது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆதிவாசி வாழ்க்கையைப் பாடிவிட்டு, வந்த பணத்தில் புது ஒலிவாங்கி வாங்குவது சட்டப்படி தப்பில்லை. ஆனால் கூச்சமாக இருக்க வேண்டிய விஷயம்.

1976இல் தாமஸ் கிரம் என்ற நண்பரோடு சேர்ந்து விண்ட்ஸ்டார் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். ஆஸ்பெனுக்கு அருகே ஸ்னோமாஸில் ஏறக்குறைய 1,000 ஏக்கர் நிலம். அங்கே சூரிய ஆற்றல், காற்றாலை, கவிகை மாடக் கண்ணாடி வீட்டில் காய்கறியும் மீனும் வளர்ப்பது என்று பரிசோதனைகள். 1980களின் நடுவிலிருந்து எதிர்காலம் பற்றி ஆண்டுதோறும் பெரிய கருத்தரங்குகள். எண்ணெய் நெருக்கடியால் அமெரிக்கா திணறிய காலத்தில், மாற்று ஆற்றலைக் கையால் தொட்டுப் பார்க்கும் இடமாக அது இருந்தது. கூடவே அலாஸ்காவின் காடுகளுக்காகவும் குரல் கொடுத்தார், அங்கே போய்த் தொலைக்காட்சிப் படம் எடுத்தார். 1980 டிசம்பர் 2 அன்று அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அலாஸ்காவில் 10 கோடி ஏக்கருக்கு மேல் நிலத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. பல அமைப்புகள் பல வருஷம் மல்லுக்கட்டிக் கிடைத்த சட்டம் அது. டென்வர் அதில் தோள் கொடுத்த ஒருவர், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மற்றவர்கள் நடத்தும் போராட்டத்தில் பதினைந்தாவது ஆளாக நிற்பது புகழில் இருப்பவர்களுக்குச் சுலபமாக வருவதில்லை.

பசி விஷயத்திலும் அப்படித்தான். 1977இல் உலகப் பசியை ஒழிக்க என்று தொடங்கிய ஓர் இயக்கத்தின் நிறுவனர்களில் அவர் ஒருவர். 1978இல் கார்ட்டர் உலகப் பசி பற்றி ஆராய ஓர் ஆணையம் அமைத்தபோது அதில் உறுப்பினர். ஆணையம் என்றால் உங்களுக்குத் தெரியும்: கோப்பு, புள்ளிவிவரம், நிபுணர் சாட்சியம், வரைவின் மேல் வரைவு. கிதாருக்கு அங்கே வேலையில்லை. 1980 மார்ச்சில் அறிக்கை வந்தது. வளரும் நாடுகளோடு அமெரிக்கா வைத்திருக்கும் உறவின் மையமே பசி ஒழிப்பாக இருக்க வேண்டும் என்றது. அந்த நவம்பரில் கார்ட்டர் தேர்தலில் தோற்றார். அறிக்கை கிட்டத்தட்ட அலமாரிக்குப் போய்விட்டது. இருந்தும் டென்வர் விடவில்லை, யுனிசெஃப் குழுவோடு ஆப்பிரிக்காவின் பஞ்சப் பகுதிகளுக்குப் போய்வந்தார்.

இப்போது வருவதுதான் வேடிக்கை. 1985 ஜனவரியில் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக அமெரிக்காவின் பெரிய பாடகர்கள் எல்லோரும் ஒரே ஸ்டூடியோவில் கூடி, உலகமே பார்த்த 'வீ ஆர் தி வேர்ல்ட்' பாட்டைப் பதிவு செய்தார்கள். டென்வர் தானும் வருகிறேன் என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள். அப்போது அவருடைய இசை பழசாகிவிட்டது, அந்தக் கூட்டத்தின் மவுசுக்கு அவர் பொருந்த மாட்டார் என்பதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பசிக்காக ஆணையத்தில் உட்கார்ந்த ஆளுக்குப் பசிப் பாட்டில் இடமில்லை! தன் சுயசரிதையில் அந்த வலியை அவர் எழுதியிருக்கிறார். அதற்காகப் பசி வேலையை விட்டுவிடவில்லை. 1987இல் அதே வேலைக்காக அமெரிக்க அதிபரின் விருது அவருக்குக் கிடைத்தது, கொடுத்தவர் கார்ட்டரைத் தோற்கடித்த ரீகன். உங்களில் யாரையாவது ஒரு பெரிய கூட்டுப் பாடலிலிருந்து கழற்றிவிட்டிருந்தால் இந்தக் கதையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக உங்கள் வேலை நடந்துகொண்டிருந்தால் அந்த மேடை போனதில் பெரிய நஷ்டமில்லை.

அதே 1985இல் செப்டம்பர் 19 அன்று அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சி சொல்லப் போனார். பாட்டு வரிகளில் ஆபாசமும் வன்முறையும் இருக்கின்றன, இசைத்தட்டுகளில் எச்சரிக்கை முத்திரை குத்த வேண்டும் என்று செல்வாக்குள்ள பெற்றோர் குழு ஒன்று கேட்டது. எதிர்த்துப் பேச வந்தவர்களில் நீள முடி ராக் பாடகரும் இருந்தார். நல்ல பிள்ளை என்று பெயரெடுத்த டென்வர் பெற்றோர் பக்கம் பேசுவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவரோ எந்த வகைத் தணிக்கையும் கூடாது என்று தெளிவாகச் சொன்னார். தன்னுடைய 'ராக்கி மவுண்டன் ஹை' பாட்டில் வரும் 'ஹை' என்ற சொல்லை வைத்து, அதைப் போதைப் பாட்டு என்று தப்பாகப் புரிந்துகொண்டு சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்ததை உதாரணம் காட்டினார். அவர் கேட்டது நடக்கவில்லை, அந்த வருஷமே இசைத்தட்டு நிறுவனங்கள் முத்திரைக்கு ஒப்புக்கொண்டன. ஆனாலும் தனக்குச் சம்பந்தமே இல்லாத இசைக்காக, தன் பிம்பத்துக்கு எதிராக, பதிவேட்டில் ஏறும்படி பேசிவிட்டு வந்தார்.

புகழ்ந்தது போதும். அவருடைய ஓட்டைகளையும் சொல்ல வேண்டும். சூழலுக்காகப் பாடிய இவர் சொந்த ஜெட் விமானம் வைத்திருந்தார். பறப்பது அப்பாவிடமிருந்து வந்த பித்து. எண்ணெய்த் தட்டுப்பாட்டு நாட்களில் தன் வீட்டில் பெட்ரோல் சேமிக்கத் தொட்டி புதைத்தார் என்று பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. 1990களில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக இரண்டு முறை வழக்கு. விமர்சகர்களுக்கு அவர் பாட்டே சர்க்கரைப் பாகு, ஆளும் கேலிப்பொருள். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், வீட்டிலேயே கட்டப்பட்ட ரகத்தைச் சேர்ந்த ஒரு சிறு விமானத்தைத் தனியாக ஓட்டிப்போய், அது கடலில் விழுந்து இறந்தார். வயது 53. எரிபொருள் தொட்டியை மாற்றும் திருகு விமானியின் தோளுக்குப் பின்னால், எட்டாத இடத்தில் இருந்ததை விசாரணை சுட்டிக்காட்டியது.

ஓட்டை இல்லாதவன்தான் பேச வேண்டும் என்றால் யாருமே பேச முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ரசிகர் உங்கள் ஜெட்டை எண்ணுவார், அது நிச்சயம். நம் ஊர் அளவில் ஜெட் இல்லாவிட்டாலும் ஸ்பான்சர் இருக்கிறாரே. ஆற்று மணலைப் பாடும் பாட்டுக்கு மணலில் பணம் பார்த்தவர் காசு தந்தால், பாட்டைக் கேட்பவர் முதலில் பார்ப்பது அந்தச் சின்னத்தைத்தான்.

எனக்கு டென்வரின் ஜெட்டைவிடப் பெரிய குறையாகத் தெரிவது வேறொன்று. விண்ட்ஸ்டார் அவரைச் சுற்றியே ஓடியது. அவர் பெயரில்தான் ஆட்கள் வந்தார்கள், பணம் வந்தது. அவர் போனபின் மெல்ல மெல்லச் சுருங்கி, 2012இல் மூடப்பட்டது. நிலத்தின் பெரும்பகுதியில் கட்டடம் எழுப்ப முடியாதபடி சட்ட ஒப்பந்தம் போட்டிருந்ததால் நிலமாவது தப்பியது. 1992இல் அவர் தொடங்கிய மரம் நடும் அமைப்பு ஒன்று அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. அந்த ஊர் மரத்தையே நடுவது, நட்டதைப் பராமரிப்பது என்று வேலையைச் சிறிதாக வரையறுத்துக்கொண்ட அமைப்பு. பெரிய கனவு மூடிக்கொண்டது, சின்ன வேலை நீடித்தது.

இந்த இடத்தில் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பீட் சீகர். 1919இல் பிறந்தவர், அமெரிக்க நாடோடிப் பாடகர், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். 1955இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் தண்டனை வரை போய்த் தப்பியவர். பல வருஷம் தொலைக்காட்சி அவரைத் தொடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் பீக்கன் ஊரில் குடியிருந்தார். அந்த ஆறு அப்போது திறந்த சாக்கடை. 1960களில் அவருக்கு ஒரு கிறுக்குத்தனமான யோசனை: பழைய காலத்தில் இந்த ஆற்றில் ஓடிய பாய்மரக் கப்பல் போல ஒன்றைக் கட்டுவோம், ஜனங்கள் ஆற்றுக்கு வரட்டும், வந்து பார்த்தால்தான் கோபம் வரும். ஆற்றங்கரை ஊர்களில் கச்சேரி கச்சேரியாகப் பாடிப் பணம் திரட்டினார்கள். 1969 மே மாதம் 106 அடி நீளமுள்ள 'கிளியர்வாட்டர்' நீரில் இறங்கியது. முதல் பயணத்தில் மாலுமிகளே பாடகர்கள், நின்ற துறைமுகத்தில் எல்லாம் கச்சேரி.

அதில் ஏறும் பிள்ளைகள் கயிறு இழுத்துப் பாய் ஏற்றுகிறார்கள். வலை வீசி மீன் பிடித்து, பார்த்து, பெயர் கேட்டு, திரும்ப ஆற்றில் விடுகிறார்கள். இவ்வளவுதான் அந்தக் கப்பலின் அன்றாட வேலை. ஆனால் அதோடு சேர்ந்த அமைப்பு விடாக்கண்டனாக இருந்தது. ஆற்றின் மேல்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் இரண்டு ஆலைகள் 1947 முதல் 1977 வரை பிசிபி என்ற நச்சு ரசாயனத்தைக் கொட்டியிருந்தன. 13 லட்சம் பவுண்டு எடை வரை இருக்கலாம் என்பது அரசு மதிப்பீடு. அதைத் தூர்வார வேண்டும் என்று மீனவர் சங்கங்களும் சூழல் அமைப்புகளும் கேட்டுக்கொண்டே இருந்தன, கிளியர்வாட்டரும் கூட நின்றது. 2002இல்தான் தூர்வார அரசு ஆணையிட்டது. வேலை 2009இல் தொடங்கி 2015இல் முடிந்தது. சீகர் 2014 ஜனவரியில், 94 வயதில் இறந்தார். முடிவை அவர் பார்க்கவில்லை. அவர் இல்லாமலே முடிந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கப்பல் அதற்குப் பின்னும் ஓடியது.

இதில் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். தோஷி, சீகரின் மனைவி. ஆற்றுக்கு நிதி திரட்டிய வருடாந்திர இசைத் திருவிழாவைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர். கணக்கு, அனுமதி, சாப்பாடு, தொண்டர்கள், கழிப்பறை வரைக்கும் அவர் கையில். சீகர் மேடையில் பாஞ்சோவோடு நிற்க முடிந்தது இவர் கீழே நின்றதால். உங்கள் குழுவிலும் ஒரு தோஷி இருப்பார். போஸ்டரில் அவர் பெயரையும் போடுங்கள்.

இன்னொரு அமெரிக்கப் பாடகர் ஹாரி சேப்பின் பற்றி இரண்டு வரி. கார்ட்டரின் பசி ஆணையம் அமையவே வாஷிங்டனில் கதவு கதவாகத் தட்டியவர் இவர்தான், டென்வரோடு அதில் உறுப்பினரும் ஆனார். வருஷத்துக்கு ஏறக்குறைய 200 கச்சேரி, அதில் பாதி நன்கொடைக்காக. 1975இல் பில் ஏயர்ஸ் என்ற பாதிரியாரோடு சேர்ந்து பசிக்கு எதிராக ஓர் அமைப்பு தொடங்கினார். 1981 ஜூலையில், இலவசக் கச்சேரி ஒன்றுக்குப் போகும் வழியில் சாலை விபத்தில் இறந்தார், வயது 38. அந்த அமைப்பு பெயர் மாறி இன்னும் வேலை செய்கிறது. பசிக்கான காரணத்தைத் தேடு என்று ஆரம்பத்திலேயே வேலையை வகுத்துக்கொண்டதும், அதை நடத்த ஏயர்ஸ் போன்றவர்கள் இருந்ததும்தான் விண்ட்ஸ்டாருக்கும் இதற்கும் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கக் கதையாகவே சொல்கிறானே என்று சலிக்காதீர்கள். நம் பக்கத்திலேயே கொடைக்கானல் இருக்கிறது. வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரியவந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் நோயோடும் வழக்கோடும் அலைந்தார்கள். 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளி வெளியாகி உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில், ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. அந்தப் பாட்டில் ஊர் பெயர் இருந்தது, கம்பெனி பெயர் இருந்தது, என்ன வேண்டும் என்பது இருந்தது, கையெழுத்திட ஒரு மனுவும் கூடவே இருந்தது. பின்னால் பதினாலு வருஷம் விடாமல் நின்ற தொழிலாளர் சங்கம் இருந்தது. அந்தச் சங்கம் இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பாருங்கள். நல்ல ராப், அவ்வளவுதான்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். பொதுவாக 'இயற்கை' என்று எழுதுவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு குளமோ ஓடையோ கழிமுகமோ இருக்கும். அதன் பெயரைப் பாட்டில் வையுங்கள். அங்கே ஏற்கெனவே மீனவர் சங்கமோ விவசாயிகள் குழுவோ நாலைந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்களோ மனு எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள். பாட்டு எழுதுவதற்கு முன்னால் அவர்களைப் போய்ப் பாருங்கள். பாட்டில் எந்த விஷயம் இருக்க வேண்டும், எது இருந்தால் வழக்குக்குக் கெடுதல் என்று அவர்களுக்குத்தான் தெரியும். புது அறக்கட்டளை தொடங்கும் ஆசை வந்தால் விண்ட்ஸ்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் சங்கத்தின் பதினைந்தாவது ஆளாகச் சேர்வது மலிவு, பயனும் அதிகம்.

பணத்தை முன்கூட்டியே எழுத்தில் வையுங்கள். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டி உரிமை கொடுத்திருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. முதலில் அந்த உரிமையைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதில் இத்தனை பங்கு இந்தச் சங்கத்துக்கு என்று பாட்டு வெளியாகும் அன்றே எல்லோருக்கும் தெரியும்படி அறிவியுங்கள். வருஷக் கடைசியில் எவ்வளவு போனது என்று சொல்லுங்கள். தொகை நாலாயிரம் ரூபாய் என்றாலும் சொல்லுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்புறம் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய ஆலை, சுரங்கம், துறைமுகம் போன்ற பல திட்டங்களுக்கு அனுமதி தரும் முன் அந்த மாவட்டத்திலேயே மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் ஒரு மூத்த அதிகாரியோ தலைமை தாங்குவார். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் விளம்பரம் வரும், திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பேசலாம், பேசியது பதிவாகும். டென்வர் செனட்டில் செய்ததை நீங்கள் உங்கள் மாவட்டத் திருமண மண்டபத்தில் செய்ய முடியும். நீங்கள் வருகிறீர்கள் என்றால் உங்களைப் பார்க்கவாவது இருநூறு பேர் வருவார்கள், செய்தியாளர்கள் வருவார்கள். அறிக்கைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, எந்தப் பக்கத்தில் எந்த எண் பொருந்தவில்லை என்று குறித்துக்கொண்டு போங்கள். பாடச் சொல்வார்கள், பாடாதீர்கள். மூன்று நிமிஷம் கேள்வி கேளுங்கள். பாடினால் மறுநாள் செய்தியில் நீங்கள்தான் இருப்பீர்கள், கேள்வி இருக்காது.

நாங்கள் கலைஞர்கள், களப்பணியாளர்கள் இல்லை என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. நியாயம்தான். எல்லோரும் எல்லாவற்றையும் செய்ய முடியாது, கலைக்கும் நேரம் வேண்டும். காதலைப் பாடுங்கள், அம்மாவைப் பாடுங்கள், நிலாவைப் பாடுங்கள், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். சதுப்பு நிலத்தைக் காப்பேன் என்று பாடினால் மட்டும் கேட்பார்கள். நானும் கேட்பேன்.

உங்கள் மாவட்டத்தில் அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது, எந்த மண்டபத்தில் என்று தெரிந்தால் பாட்டு வெளியீட்டு அறிவிப்பைப் போலவே அதையும் பகிருங்கள். பக்கத்து மாவட்டமாக இருந்தால் பஸ் பிடித்து நானும் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பாட்டுகளைக் கேட்கும் ஒருவன்